கடவுச்சீட்டின் நடத்தை

இராஜரத்தினத்துக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டதற்கான காரணம் ஒரே வரியில் இருந்தது. விண்ணப்பதாரர் நன்னடத்தை உள்ளவர் என்பதில் எமக்குத் திருப்தி ஏற்படவில்லை. அதற்குக் கீழே, இந்த முடிவு அவருக்கு ஏமாற்றம் தரக்கூடும் என்பதை உணர்வதாகவும், இனிய நாளாக அமைய வாழ்த்துவதாகவும் மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

சார்ஜாவில் முவைலாவிலுள்ள தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து அவர் அதை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். அவர் யாழ்ப்பாணத்துக் கைதடியில் பிறந்தவர். ஏ.சி. உதிரிப்பாகம் விற்கும் ஒரு கம்பனியின் ஸ்டோரில் இளமை முழுவதையும் கழித்தவர். திருநீறு பூசி ஒரு தேவாரம் பாடாமல் காலைத் தேநீர் குடிக்கமாட்டார். அவருடைய நடத்தையில் குறை சொல்லும் உரிமை மனைவி சுகந்தாவுக்கு மட்டுமே இருந்தது. அவளும் ஈரத் துவாயைக் கட்டிலில் போடுகிறார் என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை.

சுகந்தா சிறுவயதிலேயே பெற்றோருடன் அகதியாக வடக்கே ஒரு குளிர்நாட்டுக்குப் போய், அந்த நாட்டின் பிரஜையாக வளர்ந்தவள். ஆசிரியை வேலைக்குச் சார்ஜா வந்த இடத்தில் இராஜரத்தினத்தை மணந்துகொண்டாள். மகள் தாரிணிக்கும் தாயின் குடியுரிமைதான். இப்போது தாரிணிக்கு அந்த நாட்டிலே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. சுகந்தாவுக்கும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. இராஜரத்தினத்தின் கம்பனியோ சார்ஜா ஸ்டோரை மூடப்போவதாக அறிவித்துவிட்டது. வேலை முடிந்தால் விசாவும் முடியும். ஓகஸ்ட் மாதத்தில் மூவரும் ஒன்றாகக் கிளம்புவது என்று தீர்மானித்திருந்தார்கள்.

அந்த நாட்டுச் சட்டப்படி, பிரஜை ஒருவரோடு நெடுங்காலம் குடும்பம் நடத்திய கணவன் துபாயிலுள்ள கொன்சலேற் என்னும் துணைத்தூதரகம் மூலமாகவே குடியுரிமை கேட்கலாம். அது கிடைக்காவிட்டால், சுகந்தா அங்கே இரண்டு வருடம் சம்பளம் வாங்கிக் காட்டிய பிறகுதான் அவரைக் கூப்பிட முடியும். அதுவரை அவர் கைதடியில் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து தனியே இருக்க வேண்டும். அவருக்குச் சோறு வடிக்கத் தெரியும். தனியே இருந்து அதைச் சாப்பிடத் தெரியாது.

“என்னப்பா எழுதினீங்கள் அந்தப் போமிலை?” என்று சுகந்தா கேட்டாள்.

“உண்மையைத்தான்” என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. நீங்களோ உங்கள் பயண ஆவணமோ எந்த நாட்டிலாவது பொலிஸ் காவலில் இருந்ததுண்டா? ஆம் எனில் விவரம் தருக. இராஜரத்தினம் ஆம் என்று எழுதி, விவரத்துக்கு விட்டிருந்த இடம் போதாமல் தனித்தாள்களும் இணைத்திருந்தார்.

வளைகுடாவில் வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும். சின்ன வழக்கில் மாட்டிக்கொண்டவனை, வழக்கு முடியும்வரை வெளியே விடுவதற்குப் பொலிஸ் ஒரு கடவுச்சீட்டைக் கேட்கும். அவனுடையது கம்பனி அலுமாரியில் பூட்டிக் கிடக்கும். ஆகவே யாராவது ஒருவர் தன்னுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்து அவனுக்குப் பொறுப்பு நிற்க வேண்டும். கொடுத்தவர் வழக்கு முடியும்வரை நாட்டைவிட்டு அசைய முடியாது. இதனாலேயே பலருடைய கடவுச்சீட்டுகள் நண்பன் பிடிபட்ட அதே நாளில் புதுப்பிப்பதற்குப் போய்விடும்.

இராஜரத்தினத்தின் கடவுச்சீட்டு எந்த நாளும் வீட்டில் இருந்தது. வருடத்தில் ஒரு தடவை விமானத்தில் போகிறது, மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கிறது, சும்மா கிடக்கிற ஒரு பொருளால் ஒரு மனிதன் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியும் என்றால் அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது பாவம் என்பது அவருடைய கட்சி. சம்பளம் வராத மாதத்தில் காசோலை திரும்பிய ஒரு சாரதிக்காக அது போயிருந்தது. கட்டில்கள் விற்கும் கடையில் காவலுக்கு நின்று, விற்பனைக்கு வைத்த கட்டிலிலேயே போர்த்திக்கொண்டு தூங்கிப்போன ஒரு காவலாளிக்காகப் போயிருந்தது. சாம்பாரில் உப்புக் கூட என்று சொன்ன வாடிக்கையாளர்மேல் அந்தச் சாம்பாரையே ஊற்றிய ஒரு சமையற்காரருக்காகவும் போயிருந்தது. ஒரு வருடம் குடும்பமே லீவில் போனபோது அவர் மட்டும் போக முடியாமல் விமான நிலையத்தில் கையசைத்துவிட்டுத் திரும்பினார். அந்தச் சமையற்காரர் அந்த மாதம் முழுவதும் அவருக்கு இரண்டு நேரமும் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார். உப்புக் கூடத்தான். இராஜரத்தினம் சொல்லவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் துபாய்க்குப் போனார். கொன்சலேற்றின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நஜீஹா இருந்தாள். காத்தான்குடிப் பெண். அங்கே எழுத்தராகவும் தமிழ் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்தாள். கடிதத்தைப் பார்த்தவுடன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அங்கிள், அந்தக் கேள்விக்கு இல்லண்டு போட்டிருந்தா முடிஞ்சிரிக்குமே. ஆரு தேடிப் பாக்கப் போறாங்க?”

“பொய் சொல்லிப்போட்டோ பிள்ளை நல்லவன் எண்டு பேர் வாங்கிறது?”

நடந்தது என்னவென்று நஜீஹா விளக்கினாள். தலைநகரத்திலுள்ள கம்ப்யூட்டருக்குக் கடவுச்சீட்டு வேறு, அதன் சொந்தக்காரர் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அது அவர் இணைத்த தாள்களையெல்லாம் வாசித்து, திரும்பிய காசோலை, அந்நியர் கட்டிலில் தூங்கியது, சூடான திரவத்தால் தாக்கியது என்று எல்லாவற்றையும் அவர் பெயரில் வரிசையாக எழுதிவிட்டது. இங்கே முடிவெடுக்கும் வைஸ் கொன்சல் அம்மா அதைப் பார்த்து அதிசயப்பட்டாராம். இத்தனை தொழிலில் இத்தனை குற்றம் செய்யும் ஒருவர் எப்போது ஸ்டோர் வேலைக்குப் போகிறார் என்று கேட்டாராம்.

“எல்லாத்தையும் நான் செய்யேல்லை எண்டு எழுதியிருக்கிறனே.”

“எழுதியிருக்கீங்க. அதையும் அவங்க வாசிச்சாங்க. அப்ப இந்த ஆக்கள் எல்லாரும் நல்லவங்களாண்டு நீங்க தேடிப் பாத்தீங்களாண்டு கேக்கிறாங்க.”

இராஜரத்தினம் யோசித்தார். “பாக்கேல்லை. பாத்திருந்தால் குடுத்திருக்கமாட்டன்” என்று நேர்மையாகச் சொன்னார்.

இதை நஜீஹா மேலிடத்துக்குச் சொல்லாமல் விட்டாள்.

மேன்முறையீட்டுக்கு உள்ளூர்ப் பொலிஸின் நற்சான்று ஒன்று உதவும் என்று அவள் சொன்னதால், அவர் தன் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அங்கே அவரை எல்லோருக்கும் தெரியும். பொறுப்பதிகாரி, சாதாரணப் பொலிஸ்காரராகச் சேர்ந்த காலத்திலிருந்தே அவரை ‘யா ராஜா’ என்றுதான் கூப்பிடுவார். விஷயத்தைக் கேட்டு அவருக்குக் கோபமே வந்துவிட்டது. காவா என்னும் அரபுக் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, தன் கையாலேயே அரபியில் ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தினார். இந்த மனிதரை எமது நிலையத்தில் பல வருடங்களாகக் காண்கிறோம். எப்போது வந்தாலும் அமைதியாக நடந்துகொள்வார். சில மாதம் வராமல் இருந்தால் நாங்களே நலம் விசாரிப்போம். எமக்குத் தெரிந்த மிகச் சிறந்த மனிதர்களில் இவர் ஒருவர்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பொலிஸ் நிலையத்துக்கு வராத மாதங்களில் பொலிஸாரே தேடும் அளவுக்கு ஒருவருக்கு அங்கே பழக்கம் இருப்பது தமது கவலையை உறுதிப்படுத்துவதாகக் கொன்சலேற் எழுதியிருந்தது. ஆயினும் கருணை அடிப்படையில் மூன்று மாத அவகாசம் தரப்படுகிறது. அந்த மூன்று மாதமும் கடவுச்சீட்டு எந்தப் பொலிஸ் நிலையத்துக்கும் போகாமல் ஒழுங்காக வீட்டில் இருந்தால், ஜூலைக் கடைசியில் அதை நேரில் கொண்டுவந்து காட்டலாம். நடத்தையில் முன்னேற்றம் தெரிந்தால் முடிவு மாறலாம்.

“மூண்டு மாதம்தானே” என்றாள் சுகந்தா. “பல்லைக் கடிச்சுக்கொண்டு கெட்டவராய் இருங்கோ.”

இராஜரத்தினம் கடவுச்சீட்டைச் சாமித் தட்டில் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்தார். பிள்ளையார் ஆர் கேட்டாலும் கொடுத்துவிடுவார், அவரை நம்ப முடியாது என்று சொல்லிச் சுகந்தா அதைத் தன் சேலை அலுமாரிக்கு மாற்றினாள். பிறகு கணவனுக்கு இல்லையென்று சொல்லப் பழக்கினாள். தானே கேட்க வந்தவன்போல வாசலில் நின்று, பிள்ளைகுட்டிக்காரன் என்று கெஞ்சினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “குறை நினையாதை தம்பி, இப்ப ஏலாது” என்றார். “சாப்பிட்டனியோ?” என்றும் கேட்டார்.

“சாப்பிட்டனியோ எண்டு கேக்கப்படாது. கேட்டால் அவன் வந்து இருந்திடுவான். இருந்தால் நீங்கள் குடுத்திடுவீங்கள்.”

தாரிணி சோபாவில் குப்புறக் கிடந்து சிரித்தாள். “அப்பா, ஜஸ்ட் ஸே நோ” என்றாள். அது மட்டும் அவருக்கு வரவில்லை.

ஆனாலும் முயன்றார். ஒருவன் வந்தபோது குளியலறைக்குள் போய் நின்றுகொண்டார். சுகந்தா வந்தவனிடம் அவர் இல்லை என்று சொல்ல, உள்ளே இருந்து அவரே இருமினார். இன்னொருவனைத் தெரிந்த ஒரு கடை முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முதலாளி தன் கடவுச்சீட்டைக் கொடுக்கும்வரை அந்தக் கடையிலேயே இருந்து, ஒவ்வொரு மணிக்கும் ஒரு சோடா வாங்கிக் குடித்தார். ஜூலைக் கடைசி வந்தபோது கடவுச்சீட்டு மூன்று மாதமாகச் சேலைகளுக்கு நடுவே கற்போடு இருந்தது.

கொன்சலேற்றுக்குப் போகவேண்டிய நாளுக்கு முதல்நாள் பின்னேரம் அருள்ராஜ் வந்தான்.

அருள்ராஜும் சோலைமுத்துவும் திருவாடானைப் பக்கத்துக்காரர்கள். பக்கத்துச் சைட்டில் கான்ட்ராக்டரிடம் வேலை செய்தார்கள். ஒரு தடவை லிஃப்ட் பழுதாகிக் கிடந்தபோது இராஜரத்தினத்தின் புதுக் குளிர்சாதனப் பெட்டியை மூன்றாம் மாடிக்குச் சுமந்து வந்தவன் சோலைமுத்து. கூலி வேண்டாம் என்று சொல்லி, அதில் வைத்த முதல் தண்ணீர்ப் போத்தலை மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தான். அன்றிலிருந்து பழக்கம்.

அருள்ராஜ் வாசலிலேயே நின்றான். வேர்த்திருந்தான்.

“சோலமுத்த போலீஸ் புடிச்சிருச்சுண்ணே. கார் கண்ணாடிய ஒடச்சுட்டான்.”

நடந்ததை அவன் நின்றபடியே சொன்னான். மத்தியான இடைவேளையில் சோலைமுத்து ஒரு பெரிய வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் போயிருக்கிறான். பின் இருக்கையில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு பூனை. ஏ.சி. ஓடட்டும் என்று இன்ஜினை நிறுத்தாமல் விட்டுப் போன காரின் இன்ஜின் எப்படியோ நின்றுவிட்டது. ஜூலை வெயில். பூனை நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது. அவன் பக்கத்துக் கடைகளிலெல்லாம் போய்க் காரின் சொந்தக்காரர் யார் என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த ஹிந்தியில் பூனை என்பதற்குச் சொல் இல்லை. மியாவ் மியாவ் என்று சொல்லிக்கொண்டே ஓடியதில் எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் சைட்டில் கிடந்த ஒரு கல்லால் கண்ணாடியை உடைத்துப் பூனையை எடுத்துத் தண்ணீர் தெளித்தான். அது எழுந்து நின்று அவன் கையைப் பிறாண்டியது. சலூனிலிருந்து வெளியே வந்த சொந்தக்காரர் பார்த்தது உடைந்த கண்ணாடியையும், தன் பூனையோடு நிற்கும் ஒரு கூலிக்காரனையும்தான்.

“கேம்ப் பாஸ் லீவுல போயிட்டாரு. பாஸ்போர்ட்டு பீரோ சாவி அவருகிட்ட. நாளைக்கு டூட்டிக்குப் போகலைன்னா கான்ட்ராக்டர் ஆள மாத்திருவான்ணே. விசா கேன்சல்.” அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

இராஜரத்தினம் கதவைப் பிடித்துக்கொண்டார். நாளைக் காலை கொன்சலேற்றுக்குப் போவதைப் பற்றியும், மூன்று மாதத்தைப் பற்றியும், ஓகஸ்டைப் பற்றியும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது வேறு யாருடையதோ கதைபோல இருந்தது. “குறை நினையாதை தம்பி” என்றார். “இப்ப ஏலாது.”

“பரவால்லண்ணே. இத்தன வருசம் நீங்க செஞ்சதே பெருசு. நல்லபடியாப் போய்ட்டு வாங்க.”

அவன் அதை மனமாரச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். ஏசியிருந்தால் இராஜரத்தினம் தாங்கியிருப்பார்.

அவர் கதவைச் சாத்தவில்லை. சுகந்தா தேநீர் கொண்டுவந்து வைத்தாள், ஆறியது. பொழுது பட்டதும் விளக்கேற்றித் தேவாரம் தொடங்கினார். முதல் வரிக்கு மேல் வரவில்லை. மறுபடி தொடங்கினார். மறுபடியும் அந்த இடத்திலேயே நின்றது. பாட்டு மறக்கவில்லை. அதைப் பாடுகிற ஆளாக அவரால் அந்த நேரம் இருக்க முடியவில்லை.

சுகந்தா அறைக்குள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு கைப்பையோடு வந்தாள்.

“எங்கை வெளிக்கிடுறீர்?”

“பொலிசுக்கு.”

“என்ரை பாஸ்போர்ட்டையோ?”

“உங்கடையை ஏன்? என்ரை இருக்குது.” கைப்பையிலிருந்து தன் சிவப்புக் கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினாள். “எனக்கு அவங்கள் குடியுரிமை தந்து முப்பது வருசம். நான் இனி நல்லவளாய் இருக்கத் தேவையில்லை.”

பொலிஸ் நிலையத்தில் அந்தச் சிவப்புக் கடவுச்சீட்டைப் பார்த்துத் தடுமாறிவிட்டார்கள். அப்படியொன்று அங்கே பொறுப்புக்கு வந்ததே இல்லை. பொறுப்பதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ‘ராஜாவுக்கு என்ன, சுகமில்லையா’ என்று விசாரித்தார். பிறகு வாங்கி வைத்துக்கொண்டு சோலைமுத்துவை அனுப்பினார். வெளியே வந்த சோலைமுத்து சுகந்தாவிடம் முதலில் பூனையைப் பற்றித்தான் கேட்டான். அது பொறுப்பதிகாரியின் அறையில் ஏ.சி.க்கு நேரே படுத்திருந்தது. காரின் சொந்தக்காரர் கோபத்தில் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் காலை இருவரும் கொன்சலேற்றுக்குப் போனார்கள். சுகந்தா வெளிக்கூடத்தில் இருந்தாள்.

வைஸ் கொன்சல் வெளிர்நிறக் கூந்தலுள்ள, களைத்த கண்களோடு ஒரு நடுவயதுப் பெண். இராஜரத்தினத்துக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் இப்படிப்பட்ட விசாரணை விண்ணப்பதாரரின் தாய்மொழியில்தான் நடக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அந்த அம்மா ஆங்கிலத்தில் கேட்பதைக் கேட்டு, விளங்கி, பொறுமையாக நஜீஹாவின் தமிழுக்குக் காத்திருந்து, பிறகு பதில் சொன்னார். தன் பதில் ஆங்கிலத்தில் போவதையும் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார்.

கடவுச்சீட்டு மூன்று மாதமும் வீட்டில் இருந்ததா? இருந்தது. அம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். சேலை அலுமாரியின் நப்தலின் பூச்சியுருண்டை வாசம் அடித்தது. இந்தக் காலத்தில் யாராவது கேட்டு வந்தார்களா? வந்தார்கள். கடைசியாக எப்போது? நேற்று. நீங்கள் என்ன செய்தீர்கள்?

“ஏலாது எண்டு சொன்னன்.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. கோப்பில் இரண்டு வரி எழுதினார். நஜீஹா மேசைக்குக் கீழே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். இராஜரத்தினம் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, இதையும் அவவுக்குச் சொல்லும்” என்றார். “நேற்று நான் செய்தது பிழை. அதை நல்ல நடத்தை எண்டு எழுதுறா. எழுதட்டும். ஆனால் அது எனக்குப் பழக்கமில்லை. அங்கை வந்தும் தொடர்ந்து அப்பிடி நடப்பன் எண்டு என்னாலை வாக்குக் குடுக்க ஏலாது.”

நஜீஹா அவரைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தாள். அவர் கை கூப்பினார். அவள் மொழிபெயர்த்தாள்.

அம்மா பேனாவை மூடினார். வந்தவன் என்ன குற்றம் செய்தான் என்று கேட்டார். இராஜரத்தினம் கார், வெயில், பூனை எல்லாவற்றையும் சொன்னார். அம்மா முன்னுக்குச் சாய்ந்தார். பூனை பிழைத்ததா என்று கேட்டார். எந்தப் படிவத்திலும் இருக்க முடியாத கேள்வி அதுதான்.

பிழைத்தது என்றதும் அம்மா பின்னாலிருந்து ஒரு தடித்த சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். தங்கள் நாட்டில், வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு பிராணி துடிப்பதைக் கண்டால் கண்ணாடியை உடைத்தாவது காப்பாற்ற வேண்டியது ஒவ்வொருவரின் கடமை என்று வாசித்தார். பார்த்துக்கொண்டு போவதுதான் குற்றம். நன்னடத்தைக்கு உதாரணமாகவே அதை வகுப்புகளில் சொல்லிக் கொடுப்பதுண்டு. ஆகவே, என்று அம்மா மிகுந்த கவலையோடு விளக்கினார், அந்தத் தொழிலாளி விண்ணப்பித்திருந்தால் நன்னடத்தையில் ஒரு சிக்கலும் இருந்திராது. அவருக்கு உதவ மறுத்த உங்களைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

“அப்ப அவனுக்கே குடுங்கோ” என்றார் இராஜரத்தினம். அவர் பகிடி விடவில்லை.

அம்மா சட்டப் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். பிறகு நஜீஹாவிடம், இதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் மறுத்துத்தான் இருப்பேன் என்றார். ஆனால் இந்த மனிதரைப்போல மறுநாள் வந்து அதைச் சொல்லியிருக்கமாட்டேன் என்றார். இராஜரத்தினம் ஒன்றும் விளங்காதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு சுவரிலிருந்த பனிமலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் தனியே சொல்ல விரும்பியதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்வது மரியாதை இல்லை.

அந்தத் தொழிலாளி இப்போதும் உள்ளேதானா என்று அம்மா கேட்டார்.

“இல்லை. என்ரை மனிசி தன்ரை பாஸ்போர்ட்டைக் குடுத்து எடுத்துவிட்டவ.”

நஜீஹா அதை மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அம்மா எழுந்துவிட்டார். ஒரு பிரஜையின் கடவுச்சீட்டா? அது பிரஜைக்குச் சொந்தமானதல்ல, அரசாங்கத்தின் சொத்து. அதை வெளிநாட்டுப் பொலிஸ் நிலையத்தில் பொறுப்பாக வைக்க யாருக்கும் உரிமை இல்லை. இன்றே மீட்டாக வேண்டும். சுகந்தாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் தன் நாட்டு மொழியிலேயே அம்மாவோடு பேசினாள். மன்னிப்புக் கேட்பதுபோல அது ஒலிக்கவில்லை. அம்மா பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசினார். பொறுப்பதிகாரி மிகப் பணிவாகப் பதில் சொன்னார். தாராளமாக எடுத்துப் போகலாம். ஆனால் அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சோலைமுத்துவைச் சைட்டிலிருந்து திரும்பக் கொண்டுவந்து அடைக்க வேண்டி வரும்.

மூன்று பெண்களும் இராஜரத்தினத்தைப் பார்த்தார்கள். அவருடைய கடவுச்சீட்டு மேசையில், சட்டப் புத்தகத்துக்குப் பக்கத்தில், நப்தலின் வாசத்தோடு கிடந்தது.

அம்மா வெகுநேரம் தட்டச்சு செய்தார். முத்திரை பதித்த கடிதம் ஒன்று வந்தது. அரசுச் சொத்தான ஒரு கடவுச்சீட்டை மீட்கும் பொருட்டு, திரு. இராஜரத்தினம் தமது கடவுச்சீட்டை மேற்படி பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்குமாறு இந்தக் கொன்சலேற் கேட்டுக்கொள்கிறது. கோப்பில் முதலில் எழுதிய இரண்டு வரியை வெட்டிவிட்டு, விண்ணப்பதாரர் அரசுச் சொத்தை மீட்பதில் தயங்காமல் உதவினார், அவரது நன்னடத்தையில் திருப்தி ஏற்பட்டுள்ளது என்று எழுதினார். தயங்காமல் என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டார்.

“அங்கிள், முடிஞ்சி” என்றாள் நஜீஹா. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. “சத்தியப்பிரமாணத்துக்கு வரக்குள்ள மட்டும் பழைய பாஸ்போர்ட்டக் கொண்டாங்க. அது இல்லாட்டி புதுசு தர ஏலா.”

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி கொன்சலேற் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று இராஜரத்தினத்தை அங்கே அனுப்பிவைத்திருக்கிறது என்பதில் அவருக்குப் பெருமைதான். சிவப்புக் கடவுச்சீட்டைச் சுகந்தாவிடம் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கிக்கொண்டார். காரின் சொந்தக்காரரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். அவர் பூனையைக் கூட்டிப் போக வந்தேயாக வேண்டும், அப்போது பேசிக்கொள்ளலாம், பூனையை இங்கே நன்றாகவே வைத்திருக்கிறோம், யாருக்கும் அவசரம் இல்லை என்றார்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. டாக்ஸிக்காக நின்றபோது தாரிணி அழைத்தாள். ஓகஸ்டுக்கு எத்தனை டிக்கெட் போட வேண்டும் என்று கேட்டாள். சுகந்தா கணவனைப் பார்த்தாள். அவர் அடிக்குரலில் தேவாரத்தின் இரண்டாவது வரியைப் பாடிக்கொண்டிருந்தார்.

“மூண்டு போடு” என்றாள். “அப்பாவை நல்லவர் எண்டு எழுதிப்போட்டினம். திகதியை மட்டும் மாத்தக்கூடிய மாதிரிப் போடு, பிள்ளை. பூனைக்காரன் மனம் இரங்கினாத்தான் வெளிக்கிடலாம்.”